போர் நடக்கிற நாட்டுக்கு மிஷன் வேலைக்கு அனுப்பலாமா?

பாபநாசத்துக்காரன்:
அக்கா மகள் தஞ்சாவூரில் நர்சிங் முடித்தவள். சபை மூலமாகத் தெற்கு சூடானில் ஒரு மருத்துவமனைக்குப் போகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். அக்காவோ அவள் மனசு மாறினால் வேளாங்கண்ணிக்கு நடந்தே வருவதாக வேண்டிக்கொண்டிருக்கிறது. நான் யார் பக்கம் பேச?

மாயவரம் டீக்கடை:
வேண்டாம் என்று சொல்லுங்கள், அவ்வளவுதான். 2016 மார்ச்சில் ஏமனில், ஏடன் நகரத்து முதியோர் இல்லத்துக்குள் புகுந்து அன்னை தெரசா சபை கன்னியாஸ்திரீகள் 4 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். அங்கிருந்து கடத்தப்பட்ட கேரளத்து ஃபாதர் டாம் உழுந்நாலில் 2017 செப்டம்பரில்தான் வெளியே வந்தார்.

நாகை நர்ஸ், ஓய்வு:
அண்ணே, பயமுறுத்தாதீர்கள். ஆபத்து இல்லை என்று நானும் சொல்லவில்லை, நம் தமிழ்நாட்டு ஃபாதர் அலெக்சிஸ் பிரேம்குமாரையே 2014 ஜூனில் ஆப்கானிஸ்தானில் ஹெராத் பக்கம் கடத்தி 8 மாதம் வைத்திருந்தார்கள். ஆனால் போகிறவளைக் கட்டிப்போட முடியாது. சண்டை வந்தால் யார் வெளியே கொண்டு வருவார்கள், இன்சூரன்ஸ் போர்க் காயத்துக்குச் செல்லுமா (சாதாரண பாலிசியில் பெரும்பாலும் செல்லாது), பாஸ்போர்ட் அவள் கையில் இருக்குமா, இதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். போனதும் தலைநகர் ஜூபாவில் நம் தூதரகத்தில் பெயர் பதியச் சொல்லுங்கள். 2016 ஜூலையில் அங்கே சண்டை வெடித்தபோது நம் விமானப்படைதான் போய் ஆட்களைக் கூட்டி வந்தது.

பாபநாசத்துக்காரன்:
சரி, கேட்டுப் பார்த்தேன். பாஸ்போர்ட்டை ஆபீஸில் வாங்கி வைத்துக்கொள்வார்களாம். அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை.