லிப்பிடீமா: ‘கொழுப்பு வீக்கம்’ சரியா?

குழுவினருக்கு வணக்கம்.

நம் மருத்துவக் கலைச்சொல் பட்டியலில், கைகால்களில் வலியோடு கொழுப்பு சேரும் நோயான லிப்பிடீமாவுக்குக் ‘கொழுப்பு வீக்கம்’ என்று இருக்கிறது. இதை நீக்க வேண்டும். 1940இல் மேயோ கிளினிக்கின் ஆலன், ஹைன்ஸ் இருவரும் பெயர் வைத்தபோது, கொழுப்போடு நீரும் சேர்வதாக விவரித்தார்கள். 2020இல் வந்த ஐரோப்பிய ஒருமித்த அறிக்கையோ நீர் சேர்வதற்குச் சான்றில்லை என்கிறது. ‘வீக்கம்’ என்று எழுதினால் நீர் பிரியும் மாத்திரைதான் நினைவுக்கு வரும். அந்த மாத்திரையால் இந்தக் கொழுப்பு குறையாது. உடம்பின் நீரும் உப்பும்தான் போகும். நோயாளியைப் படுத்துவது வலி. எனவே ‘வலிக்கொழுப்பு நோய்’.

———

> எனவே ‘வலிக்கொழுப்பு நோய்’

ஐயா, வீக்கத்தை எடுப்பதில் முழு உடன்பாடு. ஆனால் ‘அடிபோசிஸ் டோலோரோசா’ எனப்படும் டெர்கம் நோய்க்கு நேர்ச்சொல் இதுவே ஆகிவிடும். அது வேறு நோய். உடலின் எப்பகுதியிலும் வரலாம். இன்னொன்று, ‘கொழுப்பு’ என்றால் நம் பேச்சில் திமிர். வருடக்கணக்காக ‘தின்று கொழுத்தவள்’ என்று கேட்டுவந்த பெண்ணிடம் அதே சொல்லை நீட்டலாமா? பழஞ்சொல் ‘நிணம்’ இருக்கிறதே, ‘நிணவலி’ எனலாம்.

———

அம்மா, நிணம் என்றதும் நிணநீர்தான் நினைவுக்கு வரும். நிணநீர் தேங்கிக் கால் வீங்கும் லிம்பெடீமாவோடு குழப்புவதைத் தவிர்க்கத்தானே இவ்வளவும்! நம் ஊரில் பருத்த காலைக் கண்டாலே யானைக்கால் என்பார்கள். கொழுப்பு என்ற சொல் இருக்கட்டும், இடத்தையும் சேர்ப்போம்: கைகால் வலிக்கொழுப்பு நோய். ‘கொழுப்புத் திசு’ என்று எழுதாததால், திசுவா இழையமா என்ற தமிழக, இலங்கை வேறுபாடும் எழாது.

வரையறையில் அடையாளங்கள் கட்டாயம் வேண்டும். பெரும்பாலும் பெண்களுக்கே, பூப்பு, பேறுகாலம், மாதவிடாய் நிற்கும் காலம் ஆகியவற்றை ஒட்டித் தொடங்கும். இரு பக்கமும் ஒரே அளவில் பருக்கும். கணுக்காலில் வளையம் போட்டதுபோல் நின்றுவிடும், பாதம் மெலிந்தே இருக்கும். அழுத்தினால் வலி, லேசாக இடித்தாலும் கன்றிப்போகும். இரண்டாம் கால்விரலின் அடியில் தோலைக் கிள்ளித் தூக்க முடியும்; முற்றிய யானைக்காலில் முடியாது, அங்கே பாதமும் வீங்கும், இரு கால்களும் ஒரே அளவில் இருப்பதும் அரிது. பிந்திய கட்டத்தில் லிப்பிடீமாவும் லிம்பெடீமாவும் சேர்ந்தும் வரலாம் என்பதால் ஒரே அடையாளத்தை நம்பக் கூடாது.

———

> வரையறையில் அடையாளங்கள் கட்டாயம்

‘கைகால்’ எனக்கும் சம்மதம். பராமரிப்புச் சொற்களையும் இப்போதே முடித்துவிடலாம். அழுத்தக் காலுறையில், தையலின்றிக் குழாயாகப் பின்னும் ‘வட்டப் பின்னல்’, தட்டையாகப் பின்னித் தைக்கும் ‘தட்டைப் பின்னல்’ என இருவகை. வட்டப் பின்னல் இழுபடும். மடிப்புள்ள காலில் முழங்கால் பின்புறம் சுருண்டு கயிறாக அறுக்கும். இந்நோயாளி உறையைக் கழற்றி எறிவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். ஆகவே மடிப்பு விழுந்த காலுக்குத் தட்டைப் பின்னல், ஆளுக்கேற்ற அளவில். அழுத்த அளவில் இரண்டாம் வகுப்பு என்றால், ஜெர்மன் தரப்படி 23–32 மி.மீ. பாதரச அழுத்தம். அளவைக் காலையில் எடுக்க வேண்டும். காலின் தமனி ஓட்டத்தைச் சோதிக்காமல் போடக் கூடாது. உறை வலியைத் தணிக்கும், கொழுப்பைக் கரைக்காது என்றும் எழுதுங்கள்.

எடை பற்றிய வாக்கியத்தில் கவனம் தேவை. ‘உணவுக் கட்டுப்பாடு பயனற்றது’ என்பது தவறு. உடல்பருமனும் சேர்ந்திருந்தால் எடை குறைவது மூட்டுக்கும் நடைக்கும் நல்லது. கால் மட்டும் இடுப்புக்கு ஒவ்வாமல் பருத்தே நிற்கும். அதை நோயாளியின் சோம்பலாக யாரும் படிக்காதபடி வரையறை அமைய வேண்டும்.