வெள்ளை ரிப்பனில் இரும்புச் சிலுவை, பக்கத்தில் ஹெஸ்ஸன் வீரப் பதக்கம்: இந்த மெடல் பார் ஒரே ஆளுடையதா?

பழம்பதக்கன்:
ஜெர்மன் மெடல் பார், அதாவது மார்பில் குத்திக்கொள்ள மெடல்களை ஒரே வரிசையாகக் கோத்தது, ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. இதில் மூன்று மெடல். முதலில் 1914 இரும்புச் சிலுவை, இரண்டாம் வகுப்பு. அதன் ரிப்பன் வெள்ளை, ஓரங்களை ஒட்டிக் கறுப்புக் கோடு. அடுத்தது ஹெஸ்ஸன் (ஜெர்மன் பேரரசுக்குள் இருந்த ஒரு சிறு நாடு) வட்டப் பதக்கம்: முன்பக்கம் கோமகன் எர்ன்ஸ்ட் லுட்விக் தலை, பின்பக்கம் 'ஃப்யூர் டாப்ஃபர்கைட்'. கடைசியில் 1914, 1918 என்று ஆண்டு போட்ட சிலுவை. அதில் வாள் இல்லை, பழுப்பு நிறம். 'ஒரே வீரருடையது, 1918இல் கோத்தபடியே இருக்கிறது' என்கிறார் விற்பவர். பணம் கட்டுமுன் நேரில் பார்க்க ஒரு நாள் கொடுத்திருக்கிறார். எதை எதைப் பார்க்க வேண்டும்?

ரிப்பன்மணி:
1918 என்ற பேச்சு முதல் பார்வையிலேயே அடிபட்டுப் போகிறது. மூன்றாவதாக இருப்பது ஹிண்டன்பர்க் சிலுவை. முதல் உலகப் போரில் பணியாற்றியவர்களுக்காக அதை நிறுவியது 1934 ஜூலை 13 அன்று. முடியாட்சி விழுந்து பதினாறு வருடம் கழித்து வந்த பதக்கம் அது. ஒரு பாரில் எது கடைசியாகப் பிறந்த மெடலோ, அதற்கு முன்னால் அந்த பாரைக் கோத்திருக்க முடியாது. எந்த பாரைக் கையில் எடுத்தாலும் இந்தக் கணக்கை முதலில் போடுங்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல், மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. இரும்புச் சிலுவை போரிட்டவருக்குக் கறுப்பு ரிப்பனில் வெள்ளைக் கோட்டோடு வரும். போரிடாத பணியில் இருந்தவருக்கு அதே சிலுவை நிறம் மாறி, வெள்ளை ரிப்பனில் கறுப்புக் கோட்டோடு வரும். ஹிண்டன்பர்க் சிலுவையிலும் இந்தப் பிரிவு உண்டு. முன்னணியில் நின்றவருக்கு வாளோடு, லாரல் மாலையோடு. மற்றப் பணியாளருக்கு வாள் இல்லாமல், ஓக் இலை மாலையோடு. இறந்தவரின் மனைவிக்கும் பெற்றோருக்கும் கறுப்பு நிறத்தில். ஆக உங்கள் பாரில் முதலாவதும் மூன்றாவதும் 'போரிடாதவர்' என்கின்றன. நடுவில் இருப்பதோ 'ஃப்யூர் டாப்ஃபர்கைட்', அதாவது 'வீரத்துக்காக'.

ஹெஸ்ஸன் பதக்கத்தில் பின்பக்க எழுத்துதான் எல்லாம். 1843இல் தொடங்கிய 'பொது கௌரவச் சின்னம்' அது. பின்னால் எழுதியிருப்பதைப் பொறுத்து அர்த்தம் மாறிவிடும். 'ஃப்யூர் க்ரீக்ஸ்ஃபர்டீன்ஸ்டே' என்றால் போர்க்காலச் சேவை. 'ஃப்யூர் ரெட்டுங் ஃபான் மென்ஷென்லேபென்' என்றால் மனித உயிரைக் காப்பாற்றியதற்கு, அது சிவில் பக்கம். உங்களுடையதில் போர்க்காலச் சேவை என்று இருந்திருந்தால் மூன்றும் ஒரே ஆளுக்கு அழகாகப் பொருந்தியிருக்கும். ஹெஸ்ஸன் படை 25ஆவது டிவிஷனாக பிரஷ்யப் படையமைப்புக்குள் இருந்ததால், பிரஷ்ய நாட்டுப் பதக்கமான இரும்புச் சிலுவையும் ஹெஸ்ஸன் பதக்கமும் சேர்ந்து வருவதில் தவறே இல்லை. உறுத்துவது அந்த ஒரு சொல்தான்.

அச்சுத்தட்டு:
மேலே சொன்னது பாரைப் பற்றி. இரும்புச் சிலுவை தனியாக அசலா என்பது வேறு கேள்வி, அதையும் பார்த்துவிடுங்கள். பத்து மடங்கு லென்ஸ், சின்ன காந்தம், வெர்னியர், கிராம் தராசு போதும்.

அசல் மூன்று துண்டால் ஆனது: நடுவில் கறுப்பேற்றிய வார்ப்பிரும்புத் தகடு, அதை முன்னும் பின்னும் கவ்வும் இரண்டு வெள்ளிச் சட்டங்கள். இரண்டு சட்டமும் சந்திக்கும் இடத்தில் வெளி விளிம்பின் நடுவே பற்றவைத்த கோடு சுற்றிலும் ஓடும். அதை நன்றாக அரம் போட்டு மழித்திருப்பார்கள், லென்ஸில்தான் தெரியும். சிலுவையின் நான்கு உள்முனைகளில் இரும்புக்கும் சட்டத்துக்கும் இடையே மயிரிழை இடைவெளி இருக்கும். போலிகள் பெரும்பாலும் ஒரே வார்ப்பு. சட்டமும் நடுத்தகடும் சேர்ந்தே இருக்கும், நடுவில் கறுப்புப் பெயின்ட் ஊற்றியிருப்பார்கள், அந்தப் பெயின்ட் சட்டத்தின் உள்ளோரத்தில் புடைத்திருக்கும் மணிவரிசை மேல் ஏறியிருக்கும்.

அகலம் ஏறக்குறைய 42 மி.மீ. முன்பக்கம் மேலே கிரீடம், நடுவில் 'டபிள்யூ', கீழே 1914. பின்பக்கம் மேலே கிரீடத்தோடு 'எஃப்டபிள்யூ', நடுவில் ஓக் இலைகள், கீழே 1813. பின்பக்கத்தில் 1813 இருப்பதைப் பார்த்து 'நெப்போலியன் காலத்துச் சிலுவை' என்று விலை ஏற்றுபவர்கள் இருக்கிறார்கள். பிரஷ்ய மன்னர் மூன்றாம் ஃபிரெடெரிக் வில்லியம் இரும்புச் சிலுவையை முதலில் நிறுவிய ஆண்டு அது, அவ்வளவுதான். 1870இலும் 1914இலும் அதைப் புதுப்பித்தபோது பின்பக்கத்தை அப்படியே வைத்துக்கொண்டார்கள்.

காந்தம் நடுவில் ஒட்ட வேண்டும், சட்டத்தில் தனியாக இழுக்கக் கூடாது. ஆனால் ஒட்டவில்லை என்பதற்காக மட்டும் போலி என்று தீர்ப்பு எழுதாதீர்கள், இரும்பல்லாத நடுத்தகடு போட்டவையும் உண்டு. வளையத்தில் செய்தவர் முத்திரை இருக்கலாம். 'கேஓ' என்றால் அரச நாணயசாலை. முத்திரை இல்லாததும் நிறையவே வழங்கப்பட்டது. மொத்தம் 50 லட்சத்துக்கு மேல் கொடுத்த பதக்கம் இது. அதனால் தனிச் சிலுவை அரிய பொருள் கிடையாது.

பழம்பதக்கன்:
நன்றி ஐயா, பார்த்துவிட்டேன். விளிம்பில் கோடு தெரிகிறது, காந்தம் நடுவில் ஒட்டுகிறது, 41.9 மி.மீ. வருகிறது. முத்திரை இல்லை. ஹிண்டன்பர்க் சிலுவையிலும் காந்தம் ஒட்டுகிறது. பாரின் பின்பக்கத் துணி கருஞ்சிவப்பு ஃபெல்ட். நடு மெடல் மட்டும் கொஞ்சம் தொங்கலாக ஆடுகிறது.

ரிப்பன்மணி:
ஹிண்டன்பர்க் சிலுவை இரும்பின் மேல் வெண்கல நிறம் ஏற்றியது, ஒட்டத்தான் செய்யும். இரண்டு சிலுவையும் தேறிவிட்டன. நடு மெடல் தொங்குகிறது என்றீர்களே, அங்கே போங்கள்.

பிரஷ்ய முறையில் ரிப்பனை மடித்து அடுக்கி, தகட்டின் மேல் வைத்துப் பின்னால் தைப்பார்கள். மெடலை ரிப்பனோடு சேர்த்து நூலால் கட்டியிருப்பார்கள். அந்த நூலைப் பாருங்கள். மூன்றிலும் ஒரே நூல், ஒரே பழுப்பு, ஒரே தையல் இடைவெளி இருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் வெளுப்பாக, இறுக்கம் குறைவாக இருந்தால் அது பின்னால் வந்தது. மெடலை மெதுவாகத் தூக்கி, அதன் அடியில் மறைந்திருந்த ரிப்பனைப் பாருங்கள். பல வருடம் வட்ட மெடல் தொங்கியிருந்தால் அடியில் வட்டமாக நிறம் மங்காமல் இருக்கும். அங்கே சிலுவை வடிவ நிழலோ துருக்கறையோ இருந்தால் முன்பு தொங்கியது வேறு மெடல். கடைசியாக, இருட்டறையில் 365 நானோமீட்டர் புறஊதா விளக்கு. பழைய பருத்தி, பட்டு நூல் மங்கலாகக் கிடக்கும். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய செயற்கை நூலும் வெளுப்பூட்டிய நூலும் நீலவெள்ளையாகப் பளிச்சிடும். விளக்கை ரிப்பனில் மட்டும் அடித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள், தையல் நூலைத்தான் முக்கியமாகப் பார்க்க வேண்டும்.

கடலோடி:
தலைப்புக்குப் பக்கத்தில் ஒரு செய்தி. சிவில், ராணுவம் என்ற பிரிவு ஒரே பெயருக்குள் இருப்பதற்கு நல்ல உதாரணம் 'பூர் லெ மெரிட்' என்ற பிரஷ்ய உயர் விருது. 1740இல் மன்னர் இரண்டாம் ஃபிரெடெரிக் தொடங்கியது. 1842இல் அறிவியலுக்கும் கலைக்கும் தனி வகுப்பு வந்தது, அலெக்ஸாண்டர் ஃபான் ஹும்போல்ட்தான் அதன் முதல் தலைவர். ராணுவ வகுப்பு 1918ஓடு முடிந்தது. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தில் குண்டு போட்ட எம்டன் கப்பலின் தளபதி கார்ல் ஃபான் முல்லருக்கு முதலில் இரும்புச் சிலுவை, பிறகு 1918இல் 'பூர் லெ மெரிட்' கிடைத்தது. அறிவியல், கலை வகுப்பு இன்றும் உயிரோடு இருக்கிறது.

பழம்பதக்கன்:
நூல் பார்த்தேன். நடு மெடலின் நூல் மட்டும் விளக்கில் பளிச்சென்று நீலமாக மின்னுகிறது. மற்ற இரண்டும் மங்கல். வாங்கினால் வெள்ளி கறுத்திருப்பதைத் துடைக்கலாமா?

அச்சுத்தட்டு:
துடைக்கவே துடைக்காதீர்கள் தம்பி. சிலுவைச் சட்டத்தில் மணிவரிசை இருக்கும் உள்பகுதி மங்கலாக, வெளி விளிம்பு பளபளப்பாகச் செய்தது. பாலிஷ் போட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும், திரும்ப வராது. வெள்ளி கழுவும் திரவத்தில் முக்கினால் அது சட்டத்துக்குள் புகுந்து இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். துரு உப்பிக் கறுப்பு உரியும். உலர்ந்த மென் பிரஷ் போதும். பிவிசி உறையும் ரப்பரும் கம்பளியும் கூடாது. மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு, ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே நிற்கும்படி வைத்து, நிறம் மாறும்போது ஜெல்லை மாற்றுங்கள்.

ரிப்பன்மணி:
நூல் பதில் சொல்லிவிட்டது. ஹெஸ்ஸன் மெடலைப் பின்னால் யாரோ சேர்த்திருக்கிறார்கள். அது அசலாகவே இருக்கலாம், ஆனால் இந்த பாருக்கு உரியதல்ல. வெட்டிப் பிரிக்காதீர்கள், ரிப்பனில் கிடக்கும் நிழலும் ஒரு சாட்சிதான். விலை பேசும்போது மூன்று தனி மெடலுக்கான விலையைக் கேளுங்கள். 'ஒரே வீரரின் பார்' என்பதற்காக அவர் கேட்கும் கூடுதல் தொகையைக் கொடுக்க வேண்டாம்.