மறு: மறு: ஃபிளாஷ் மெமரி கார்டு – ‘மின்னல் நினைவட்டை’ சரியா?

ஐயா, வணக்கம்.

> ‘ஃபிளாஷ்’ என்பதற்கு ‘மின்னல்’ பொருத்தம். மின்னல் நினைவட்டை என்றால் யாருக்கும் புரியும்.

கேமராவிலும் ஃபோனிலும் செருகும் மெமரி கார்டை ‘நினைவட்டை’ என்பதில் எனக்குப் பிணக்கில்லை. மின்னல்தான் இடிக்கிறது. 1980-களில் ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் ஃபுஜியோ மசுவோகா ஃபிளாஷ் நினைவகத்தை உருவாக்கியபோது, தரவு ஒரே வீச்சில் அழிவது கேமரா ஃபிளாஷ்போல இருக்கிறதென்று சக பொறியாளர் ஷோஜி அரியிசுமி சொன்னதில் பிறந்த பெயர் அது. அழிப்பைக் குறிக்கிறது, வேகத்தை அல்ல. ‘மின்னல்’ என்றால் வாங்குகிறவர் வேகம் என்றே எடுத்துக்கொள்வார். உண்மையில் எழுதுவதில்தான் இதற்குத் திணறல்: எழுதிய இடத்தின்மேல் நேரடியாக எழுத முடியாது, ஒரு தொகுதியை முழுதாக அழித்த பிறகே அங்கே புதிதாக எழுத முடியும். அட்டை நிரம்ப நிரம்ப மந்தமாவது பெரும்பாலும் இதனால்தான்.

ஃபிளாஷை அப்படியே விடுவோம். சொல் இல்லாமல் ஜனங்கள் ஏமாறுவது வேறிடத்தில். உறையில் ‘நொடிக்கு 100 எம்பி’ (மெகாபைட்) என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அது படிக்கும் வேகம், அதுவும் உச்சம். வீடியோ எடுக்கிறவர் பார்க்க வேண்டியது, எழுதும்போது எவ்வளவுக்குக் கீழே இறங்காது என்பதை. அது அட்டைமேல் பொடிக் குறியாக இருக்கிறது: ‘சி’க்குள் 10 என்றால் 10 எம்பி, ‘யு’க்குள் 3 என்றால் 30, வி60 என்றால் 60. முன்னதை ‘உச்ச வேகம்’, பின்னதை ‘உறுதி வேகம்’ எனலாம்.

கேமராக் கையேடு வீடியோவுக்கு நொடிக்கு 100 மெகாபிட் என்று சொன்னால், 8 பிட் ஒரு பைட் என்பதால் 8-ஆல் வகுங்கள்: 12.5 மெகாபைட். சி10 போதாது, வி30 தாராளம். 400 மெகாபிட்டுக்கு 50 மெகாபைட் வரும், ஆகவே வி60. குறைந்த அட்டையைப் போட்டால் பதிவு நடுவிலேயே நின்றுவிடும்.

ஃபோனில் செயலிகளை அட்டைக்கு மாற்றுகிறவர்கள் ஏ1, ஏ2 குறிகளைப் பார்க்கட்டும். அங்கங்கே சிறு துண்டுகளாக எழுதும் திறன் அது: ஏ1-க்கு நொடிக்கு 500 தடவை, ஏ2-வுக்கு 2000. இதைச் ‘சிதறல் எழுத்து’ எனலாம். கருவியும் ஏ2-வுக்கு ஏற்றதாக இல்லாவிட்டால் கூடுதல் காசு வீண்.

—

அம்மா, வணக்கம்.

> முன்னதை ‘உச்ச வேகம்’, பின்னதை ‘உறுதி வேகம்’ எனலாம்.

ஏற்கிறேன். ஆனால் விளக்கத்தில் ஒரு வரி சேருங்கள்: சி10 சொல்லும் உறுதி, கோப்புகள் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்காத அட்டைக்கே. அதனால் படங்களை இறக்கியதும் அந்தக் கேமராவிலேயே ஃபார்மட் செய்வது நல்லது, கணினியில் அல்ல.

பொருத்தமும் முக்கியம். எஸ்டிஎச்சி என்ற வகை அட்டை 32 ஜிபி வரை. அதற்கு மேல் 2 டிபி வரை எஸ்டிஎக்ஸ்சி வகை, அது எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு அடுக்கும் முறையில் வரும்; பழைய கருவிகளுக்கு அது புரியாது. பழைய கருவியில் 64 ஜிபி அட்டையைச் செருகினால் ஒன்று அடையாளமே தெரியாது, அல்லது ‘ஃபார்மட் செய்யவா?’ என்று கேட்டுக்கொண்டே இருக்கும். அட்டை பழுதென்று கடையில் சண்டைக்குப் போக வேண்டாம்.

‘போலிக் கொள்ளளவு’ என்ற சொல்லும் அவசியம். உள்ளே 8 ஜிபி சில்லை (சிப்) வைத்து, 128 என்று சொல்லும்படி மென்பொருளைத் திருத்திவிடுகிறார்கள். கோப்புப் பெயர்கள் வரிசையாகத் தெரியும். 8-ஐத் தாண்டிய படங்கள் திறக்காது. ஒரு கோப்பை நகலெடுத்துப் பார்ப்பதில் இது சிக்காது. இதைக் கண்டுபிடிக்கவென்றே உள்ள எஃப்3 நிரலால் அட்டையை முழுக்க நிரப்பி, திரும்பப் படித்துச் சரிபார்க்க வேண்டும். 64 ஜிபி அட்டை விண்டோஸில் 59 சொச்சம் காட்டுவது மட்டும் மோசடியல்ல. தயாரிப்பாளர் 1000-ஆலும் விண்டோஸ் 1024-ஆலும் கணக்கிடுவதால் வரும் வித்தியாசம்.

கார் கேமராவுக்கும் சிசிடிவிக்கும் ‘ஹை எண்டியூரன்ஸ்’ அட்டைதான் போட வேண்டும். ‘நீடுழைப்பு அட்டை’ எனலாம். இரவும் பகலும் மேலெழுதும்போது சாதாரண அட்டை சீக்கிரம் தேய்ந்துவிடும். தேய்ந்தவற்றில் பல, படிக்க மட்டும் விடும்: எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் கழற்றி மாட்டினால் பழைய கோப்புகள் அப்படியே இருக்கும்.

‘சிதறல் எழுத்து’ மட்டும் உறுத்துகிறது. ஏதோ எழுத்துருக் கோளாறு என்று நினைப்பார்கள். ‘சிதறல் பதிவு’ என்று வைத்துக்கொள்ளலாமா?