நாட்டுத் தக்காளி அனுபவங்கள்: சேலம், ஏற்காடு பக்கம் சாப்பிட்டவர்கள் சொல்லுங்கள்

காப்பித்தோட்டம்:
குப்பனூர் வழியாக ஏற்காடு போகிறவர்களுக்குத் தெரிந்திருக்கும், கொட்டச்சேடு பக்கம் ரோட்டோரமாகவே கூடை வைத்து விற்பார்கள். அன்றைக்கு ஒரு ஆயா தக்காளி வைத்திருந்தார். தட்டையாக, மடிப்பு மடிப்பாக, காம்பைச் சுற்றிப் பச்சை மாறாமல் இருந்தது. முந்தானையில் ஒன்றைத் துடைத்துக் கையில் கொடுத்தார். கடித்ததும் சாறு முழங்கை வரைக்கும் ஓடியது. முதலில் புளிப்பு, அப்புறம் இனிப்பு, கடைசியில் தக்காளிச் செடியைத் தொட்டால் விரலில் ஒட்டுமே, அந்த வாசனை.

போடுங்க ஆயா என்றேன். கூடை ஓரத்தில் துணி மேல் ஒரு பழம் மட்டும் தனியாக இருந்தது. இருப்பதிலேயே பெரியது, கொஞ்சம் வெடித்தும் இருந்தது. அதையும் சேர்க்கச் சொன்னேன். "அது வெதைக்குக் கண்ணு" என்றார். காசு சேர்த்துத் தர்றேன் ஆயா என்றேன். பதிலே இல்லை. பழத்தை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு மற்றதை எடை போட ஆரம்பித்துவிட்டார். வாங்கி வந்தது எல்லாம் சட்னியாகித் தீர்ந்தாயிற்று. மடிக்குள் போனதுதான் இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

அஸ்தம்பட்டி வாத்தியார்:
காம்பைச் சுற்றி அந்தப் பச்சை, அதாவது பச்சைத் தோள், இருந்தாலே பாரம்பரிய ரகம் என்று முடிவு கட்டாதீர்கள். பெரியகுளத்தில் உருவாக்கின பி.கே.எம். 1 பழமும் அப்படித்தான் இருக்கும். அண்ணஞ்சி என்ற உள்ளூர் ரகத்தில் சடுதிமாற்றம், அதாவது மரபணுவில் மாற்றம், செய்து எடுத்தது அது. சூரமங்கலம் உழவர் சந்தையில் ஒருவர் "எங்கப்பன் காலத்து வெதைங்க" என்று சத்தியம் செய்யாத குறையாக விற்றார். பக்கத்துக் கடைக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! வாங்கினேன், ருசி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று இன்றைக்கு வரை பிடிபடவில்லை.

மாடித்தோட்டம் சேலம்:
வாத்தியார் ஐயா, பி.கே.எம். 1 ஆகவே இருந்துவிட்டுப் போகட்டும். அது ஹைபிரிட் இல்லையே, விதை எடுத்துப் போட்டால் அதே பழம் வரும். ஆயா கெட்டிக்காரர்.

என் கதை சின்னது. நாகலூர் பக்கம் ஒரு தோட்டத்தில் கருஞ்சிவப்பாக ஒரு தக்காளி கொடுத்தார்கள். வெளிநாட்டு விதையாம். அழுகிப்போனது என்று நினைத்துத் திருப்பி நீட்டினேன். தோட்டக்காரம்மா ஒன்றும் சொல்லாமல் கத்தியால் இரண்டாக வகுந்து காட்டினார். உள்ளே சதை ரத்தச் சிவப்பு, விதையைச் சுற்றின கூழ் மட்டும் பச்சை. உப்புகூட வேண்டியிருக்கவில்லை.

இனி விதை விஷயம். நல்ல செடியில், நன்றாகக் கனிந்த பழமாகப் பாருங்கள். நோய் வந்த செடி வேண்டவே வேண்டாம், குறிப்பாக இலை சுருண்டது. கூழோடு விதையைப் பிதுக்கி ஒரு டம்ளரில் போட்டு, கொஞ்சம் தண்ணீர் விட்டு 2, 3 நாள் நிழலில் வையுங்கள். மேலே ஆடை கட்டும், நாற்றம் அடிக்கும், பயப்படாதீர்கள். விதையைச் சுற்றின வழவழப்பு முளைப்பைத் தடுக்கும், புளித்தால்தான் அது கழன்று வரும். அதிக நாள் விட்டால் டம்ளரிலேயே முளைத்துவிடும். மிதக்கிற சண்டு விதையைக் கொட்டிவிட்டு, அடியில் தங்கினதை அலசித் தட்டில் பரப்பி நிழலில் காயவையுங்கள். காகிதத்தில் போட்டால் ஒட்டிக்கொள்ளும். எங்கள் பாட்டி சாம்பலில் பிசறிச் சுவரில் வறட்டியோடு அப்பிவைப்பார், அதுவும் முளைக்கத்தான் செய்தது. ஈரம் படாமல் வைத்தால் 3, 4 வருஷம் தாங்கும். தக்காளி பெரும்பாலும் தன் பூவிலேயே சேர்ந்துகொள்ளும், அதனால் பக்கத்தில் வேறு ரகம் இருந்தாலும் ரொம்பக் கவலை வேண்டாம். தேதி எழுத மறக்காதீர்கள்.

கடைசல் பிரியை:
விதை எடுக்க யாருங்க கேட்டது? 😄

என் கதைக்கு வில்லி எங்கள் அத்தை. மலையிலிருந்து அருமையாகக் கொண்டுவந்த பழத்தை ராத்திரியோடு ராத்திரியாக ஃபிரிட்ஜுக்குள் அடுக்கிவிட்டார். வெளியே ஒரு கை மட்டும் மிஞ்சியது. அதைச் சின்ன வெங்காயம், பச்சை மிளகாயோடு சட்டியில் வேகவைத்துக் கடைந்தேன். தோல் சுருண்டு மத்தில் வந்து ஒட்டியது, சட்டியில் இருந்ததெல்லாம் சதைதான். புளி ஒரு இணுக்குகூடப் போடவில்லை. நாலு நாள் கழித்து ஃபிரிட்ஜ் பழத்தில் அதே கடைசல், அதே சட்டி. வாசனையே இல்லை. அத்தை மட்டும் "நல்லாத்தானே இருக்குது" என்று இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டார்.

அஸ்தம்பட்டி வாத்தியார்:
அதற்குக் காரணம் உண்டம்மா. 12 டிகிரிக்குக் கீழே போனால் தக்காளியில் வாசனைப் பொருட்கள் உண்டாவது குறைந்துவிடும், 2016இல் அமெரிக்காவில் ஆராய்ந்து சொன்னார்கள். பச்சைத் தோள் பற்றியும் ஒன்று உண்டு. ஒரே சீராகச் சிவக்க வேண்டும் என்று பல வருஷமாகப் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்ததில், காயிலேயே பச்சையம் வேலை செய்து சர்க்கரை சேர்க்கிற மரபணு கெட்டுப்போயிற்று என்று 2012இல் கண்டுபிடித்தார்கள். ஆக, காம்புப் பக்கம் பச்சை இருந்தால் வாங்கலாம். பாரம்பரியமா இல்லையா என்பது வேறு விஷயம், அதில் நான் சொன்னது சொன்னதுதான்.

மேச்சேரிக்காரன்:
எல்லாரும் ருசியைப் பற்றியே பேசுகிறீர்கள். விளைவிக்கிறவன் கதையையும் கொஞ்சம் கேளுங்கள். மண்டிக்கு ஹைபிரிட்தான் போடுகிறேன். தோல் கெட்டி, பெட்டியில் அடுக்கி எத்தனை மைல் ஏற்றினாலும் தாங்கும். நாட்டு ரகம் ஒரு பாத்தி, வீட்டுக்கு. காய்ந்து கிடந்த செடிக்கு ஒரு மழை சேர்ந்தாற்போல் பெய்தால் போதும், பழம் வெடித்துவிடும். மண்டியில் அதைத் தொடக்கூட மாட்டார்கள்.

2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டிப் போனதே, அப்போது அந்தப் பாத்திப் பழத்தையும் ரோட்டோரம் வைத்தேன். காரில் வந்த ஒரு குடும்பம் ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தது. "ஏங்க இது கோணல்மாணலா இருக்கு?" என்றார் அந்தம்மா. கடைசியில் கெட்டியான ஹைபிரிட் ஒரு கிலோ வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அமுக்கின பழமெல்லாம் சாயங்காலத்துக்குள் கசிந்து ஈ மொய்த்தது. அமுக்கிப் பார்க்கிறவர்கள் தயவுசெய்து அமுக்கினதையும் சேர்த்து வாங்கிப் போங்க.

அஸ்தம்பட்டி வாத்தியார்:
தம்பி, அந்த ஒரு பாத்தி விதை எங்கே வாங்கினது? பி.கே.எம். 1 தானே?