எல்லாச் சமயப் பிள்ளைகளுக்கும் சேர்த்துக் குடிமைப் பண்பு வகுப்பு: எங்கிருந்து தொடங்குவது?

ராயபுரம்_டீச்சர்:
வணக்கம். ராயபுரத்தில் அரசு உதவி பெறும் ஒரு கத்தோலிக்கப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். வகுப்பில் பாதிக்கு மேல் இந்து, முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகள். பெரும்பாலும் மீன்பிடித் துறைமுகத்தையும் ஹார்பர் வேலையையும் நம்பியிருக்கும் குடும்பங்கள். வாரத்தில் ஒரு பீரியட் கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்விக்கு (அவர்களுக்கான சமய வகுப்புக்கு) போய்விடுவார்கள். மற்றவர்களுக்கு நன்னெறி: பெரியவர்களை மதி, பொய் சொல்லாதே, அவ்வளவுதான்.

இந்த ஆண்டு மாதம் ஒருமுறையாவது இரண்டு குழுவையும் சேர்த்து உட்காரவைத்துக் குடிமைப் பண்புகள் நடத்தச் சொல்லி, தலைமையாசிரியை சிஸ்டர் என்னிடம் ஒப்படைத்திருக்கிறார். பள்ளியின் கத்தோலிக்க அடையாளமும் மங்கக் கூடாது, எந்தப் பிள்ளைக்கும் ‘இது நமக்கில்லை’ என்று தோன்றவும் கூடாது. சமத்துவம் பற்றிக் கேட்டால் தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்கு அழகாக எழுதுகிறார்கள். மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது அவரவர் ஆட்களோடுதான் உட்காருகிறார்கள். என் மனதை அரிப்பது இதுதான்.

பெரம்பூர்_ஓய்வாசிரியர்:
டீச்சர், ஏன் அந்த ஒரு பீரியட் பிரிகிறோம் என்பதிலிருந்தே தொடங்குங்கள். அரசமைப்பின் 30ஆம் பிரிவு சிறுபான்மையினருக்குப் பள்ளி நடத்தும் உரிமையைத் தருகிறது. உதவி பெறும் பள்ளியில் பெற்றோர் சம்மதம் இல்லாமல் ஒரு பிள்ளையைச் சமய போதனைக்கோ வழிபாட்டுக்கோ கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது 28(3). இரண்டையும் பிள்ளைகளிடமே சொல்லுங்கள், புரிந்துகொள்வார்கள். அடையாளம் மங்குமோ என்று சிஸ்டர் தயங்கினால், இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2024இல் தந்த வழிகாட்டுதலைக் காட்டுங்கள். காலை அசெம்பிளியில் அரசமைப்பின் முகப்புரையை வாசிக்க வேண்டும், பிற சமயப் பிள்ளைகள்மேல் கிறிஸ்தவ வழக்கங்களைத் திணிக்கக் கூடாது என்று அதிலேயே இருக்கிறது.

டிபன் பாக்ஸ் விஷயத்துக்கு, பாடநூலின் முன்பக்கத்தில் தீண்டாமை பற்றி அச்சிட்டிருக்கும் மூன்று வரி போதும். பாவம் என்றும் குற்றம் என்றும் சொல்கிறது. தீண்டாமையை ஒழிக்கும் அரசமைப்பின் 17ஆம் பிரிவையும் சேர்த்துப் படியுங்கள். அப்புறம், தமிழ்நாட்டில் சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்தில்கூடச் சாதி பார்த்து நம்மவர்களே சுவர் எழுப்பியதை மறைக்காதீர்கள். நானும் கத்தோலிக்கன்தான். அதைச் சொல்லாமல் சமத்துவம் நடத்தினால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள்.

காசிமேடு_அம்மா:
மிஸ், நாங்கள் இந்துக் குடும்பம். மகள் சிஸ்டர்கள் பள்ளியில் ஒன்பதாவது படிக்கிறாள். ஜெபம் எங்களுக்குப் பிரச்சினையே இல்லை, மாதா கோவிலுக்கு நாங்களும் போவோம். தெருவிளக்கு எரியவில்லை என்றால் மாநகராட்சியின் 1913 எண்ணுக்கு போன் செய்து புகார் எண் வாங்க அவளுக்கு ஒரு டீச்சர் சொல்லிக்கொடுத்தார். இப்போது எங்கள் தெருவில் யாருக்கு வேண்டுமென்றாலும் அவள்தான் புகார் பதிந்து கொடுக்கிறாள். அந்த மாதிரிப் பாடம் வையுங்கள்.

எண்ணூர்க்காரன்:
2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவி, வலையும் படகும் பாழானது உங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்த கதை. திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதிய சுற்றுமடல் பூமியை நமது பொது இல்லம் என்கிறது. இரண்டையும் ஒரே வகுப்பில் பேசிவிட்டு, தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுதப் பழக்கலாமே?

ராயபுரம்_டீச்சர்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. முதல் வகுப்பு 28(3), இரண்டாவது 17. கல்லறைச் சுவர் பற்றிக் கட்டாயம் பேசுவேன், சிஸ்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். புகார் கொடுப்பதற்கும் மனு எழுதுவதற்கும் குழுக்களை நானே கலந்து பிரிக்கப்போகிறேன். ஓய்வாசிரியர் ஐயா, எட்டாம் வகுப்புக்குப் புரிகிற தமிழில் முகப்புரை விளக்கம் வைத்திருந்தால் இங்கே பதிவிட முடியுமா?