அரிக்கேன் விளக்கில் மண்ணெண்ணெய்க்குப் பதில் என்ன ஊற்றலாம்?

கேள்வி:
பட்டைத்திரி போடும் அரிக்கேன் விளக்கு. மண்ணெண்ணெய் கிடைக்காததால் சமையல் எண்ணெய் ஊற்றினேன். கொஞ்ச நேரத்தில் சுடர் சுருங்கி, திரி கருகி அணைந்துவிடுகிறது. டீசல் கலந்தால் சரியாகுமா?

பதில் 1:
விளக்கில் பழுதில்லை. மண்ணெண்ணெய் நீர்த்தது, திரி வழியே அரைச் சாண் சுலபமாக ஏறும். சமையல் எண்ணெய் இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு மேல் திணறும். எண்ணெய் வந்து சேராததால் திரியே எரிகிறது. அகல் விளக்கில் அதே எண்ணெய் நன்றாக எரியக் காரணம், அங்கே சுடர் எண்ணெய் மட்டத்தை ஒட்டி இருப்பதுதான்.

ஊற்றியதை உடனே வடித்துவிடுங்கள், விட்டால் பிசினாக இறுகும். திரியையும் மாற்றுங்கள். எண்ணெய் ஊறிய திரி இனி எதையும் சரியாக உறிஞ்சாது.

பதில் 2:
டீசல் வேண்டாம். எரியும்தான், ஆனால் புகை, நாற்றம், திரி நுனியில் கரிக்கட்டி. விளக்குக்கென விற்கும் பாரஃபின் எண்ணெய் வாங்குங்கள். வாங்கும்போது ஃபிளாஷ் பாயின்ட் (எண்ணெயின் ஆவி நெருப்புப் பட்டால் பற்றத் தொடங்கும் வெப்பநிலை) பாருங்கள்: 50 முதல் 65 டிகிரி செல்சியஸுக்குள் இருந்தால் பட்டைத்திரிக்குப் பொருந்தும். ‘99 சதவீத பாரஃபின்’ என்று வருவது பெரும்பாலும் இதைவிடக் கெட்டி. சன்னமான உருண்டைத்திரிக்குப் போதும், அகலத்திரியில் சுடர் எழும்பாது. அதைத்தான் ஊற்றியாக வேண்டுமென்றால் கலத்தில் எண்ணெய் மட்டத்தைப் பாதிக்குக் கீழே இறங்க விடாதீர்கள். சாயம் போட்ட எண்ணெய் பார்க்க அழகு, திரிக்கு எமன்: சாயம் நூலிழைகளில் படிந்து அடைத்துவிடும். சிட்ரோனெல்லா (கொசு விரட்டும் புல் எண்ணெய்) கலந்தது வீட்டுக்குள் கூடாது.

பதில் 3:
பெட்ரோல், தின்னர், ஸ்பிரிட் மூன்றும் அறவே கூடாது. பெட்ரோல் ஆவி மைனஸ் 40 டிகிரியிலேயே பற்றும். விளக்கு எரிய எரியக் கலமும் சூடேறும், பிறகு கேட்கவே வேண்டாம். பெட்ரோல் இருந்த கேனில் மண்ணெண்ணெய் பிடிப்பதும் ஆபத்து, அடியில் தங்கிய கொஞ்சமே போதும்.

புதுத் திரியை அரைமணி நேரம் ஊறவிட்டுப் பற்றவையுங்கள். நேராக வெட்டி, இரு மூலைகளையும் துளி சாய்த்துவிட்டால் சுடரின் ஓரங்களில் கொம்பு போல முனை கிளம்பாது. எரியும்போது எண்ணெய் ஊற்றாதீர்கள்.

கேட்டவர்:
நன்றி. காற்றடிக்கும் பெட்ரோமாக்ஸுக்கும் பாரஃபின் சரிவருமா?

பதில் 2:
அதற்கு மண்ணெண்ணெய்தான். கெட்டி எண்ணெய் குழாயில் முழுதாக ஆவியாகாமல் மேன்டிலை (ஒளிரும் வலைப்பை) கருக்கும். மண்ணெண்ணெயிலும் கருத்தால் முன்சூடு போதவில்லை என்று அர்த்தம். முன்சூட்டுக்காகக் கிண்ணத்தில் ஊற்றிப் பற்றவைக்கும் ஸ்பிரிட் எரிந்து தீரும் தறுவாயில் வால்வைத் திறவுங்கள்.