பக்கத்துத் தோட்டத்து நாய் ஆடுகளைக் கொன்றுவிட்டது: நட்டஈடு கேட்க முடியுமா?

கேள்வி (தாராபுரம் பட்டி):
பக்கத்துத் தோட்டக்காரர் வளர்க்கும் நாய் ராத்திரி எங்கள் பட்டிக்குள் புகுந்து மூன்று செம்மறிகளைக் கொன்றுவிட்டது. அதில் ஒன்று சினை. இன்னும் இரண்டு கடிபட்டுக் கிடக்கின்றன. "சங்கிலி அறுந்து ஓடிருச்சு, நான் என்ன பண்றது?" என்கிறார் அவர். ஸ்டேஷனில் "இது சிவில், கோர்ட்டுக்குப் போங்க" என்று அனுப்பிவிட்டார்கள். செத்த ஆடுகளை இன்றைக்கே புதைத்துவிடலாமா?

ஆட்டு டாக்டர்:
புதைக்காதீர்கள்! முதலில் அரசு கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லிப் பிரேதப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். சான்றிதழில் சாவுக்குக் காரணம் நாய்க்கடி என்பதோடு இனம், வயது, எடை, சினையாக இருந்தது எல்லாம் இருக்க வேண்டும். பின்னால் விலை பேசும்போது இதுதான் கைகொடுக்கும். ஆடுகள் இன்சூர் ஆகியிருந்தால் காது வில்லையைக் கழற்றாமல் உடனே கம்பெனிக்குத் தகவல் கொடுங்கள்.

கடிபட்ட இரண்டுக்கும் காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவுங்கள். கையுறை இல்லாமல் தொட வேண்டாம். வெறிநாய்த் தடுப்பூசியை இன்றே தொடங்கி 3, 7, 14, 28ஆம் நாட்களில் தொடர வேண்டும். அந்த நாய்க்கு ஊசி போட்ட அட்டையைக் கேட்டுப் பாருங்கள். நாயைப் பத்து நாள் கட்டி வைத்துக் கவனிக்கவும் சொல்லுங்கள். மருந்துச் செலவு ரசீதுகள் எல்லாமே நட்டக் கணக்கில் சேரும்.

வக்கீல் கொங்கு:
ஸ்டேஷனில் சொன்னது பெரும்பாலும் சரிதான். வளர்ப்பு விலங்கை அசட்டையாக விடுவதற்கான பிஎன்எஸ் (பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டம்) 291ஆம் பிரிவு (பழைய ஐபிசி 289) மனித உயிருக்கோ மனிதருக்குக் கொடுங்காயம் ஏற்படவோ வாய்ப்புள்ள ஆபத்தைப் பற்றித்தான் பேசுகிறது. ஆறு மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆடு செத்ததற்கு மட்டும் அது பொருந்தாது. சொத்துச் சேதப் பிரிவுக்கோ, வேண்டுமென்றே செய்தார் அல்லது சேதம் வரும் என்று தெரிந்தே செய்தார் என்று காட்ட வேண்டும். ஆனாலும் மனு கொடுத்து, அதை ஸ்டேஷனில் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்கி வையுங்கள். சம்பவம் நடந்த தேதிக்கு அது சாட்சி.

உங்கள் வழி சிவில்தான். இரண்டு கேள்விகளில் வழக்கு நிற்கும்: கடித்தது அவர் நாய்தானா? கடிக்கும் குணம் அவருக்குத் தெரியுமா, அல்லது கட்டி வைப்பதில் கவனக்குறைவா? அந்த நாய் முன்பு வேறு யார் ஆட்டையாவது கடித்திருந்தால் அவர்களிடம் எழுதி வாங்குங்கள். துருப்பிடித்த சங்கிலி, திறந்து கிடக்கும் கேட், ரத்தம் படிந்த நாய், காலடித் தடம் எல்லாவற்றையும் இப்போதே படம் எடுங்கள். சங்கிலி அறுந்தது என்று அவரே சொல்வது உங்களுக்குச் சாதகம். சாட்சிகள் முன் மறுபடி பேச வையுங்கள்.

பிறகு தொகையைக் குறிப்பிட்டு 15 நாள் கெடு வைத்து வக்கீல் நோட்டீஸ். பதிவுத் தபால் 2025 செப்டம்பரில் ஸ்பீட் போஸ்டோடு சேர்ந்துவிட்டதால், ஒப்புகைச் சீட்டு வேண்டும் என்று தபால் நிலையத்தில் கேட்டு வாங்குங்கள். பதில் வராவிட்டால் வட்ட சட்டப் பணிகள் குழுவில் மனு, கட்டணம் இல்லை. அந்தக் குழு நடத்தும் மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் ஆனால் அது சிவில் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. ஆனால் அவர் சம்மதிக்காவிட்டால் அங்கே ஒன்றும் நடக்காது, முன்சீப் கோர்ட்தான். மூன்று வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும்.

தாராபுரம் பட்டி:
நன்றிங்க. பட்டி வலை ஒரு பக்கம் கிழிந்திருந்தது. அதைக் காட்டி மறுப்பாரே?

வக்கீல் கொங்கு:
மறுப்பார். தொகையில் கொஞ்சம் குறைய வாய்ப்பு உண்டு. ஆனால் உங்கள் இடத்தில் அடைத்து வைத்த ஆடுகள் என்பதால் அவர் பொறுப்பு போய்விடாது. ஆடுகள் அவர் தோட்டத்துக்குள் போய் மேய்ந்தபோது கடித்திருந்தால்தான் உங்கள் வழக்குக்குச் சிக்கல்.

சந்தை ஏவாரி:
விலைக்கு அந்த வாரச் சந்தையில் உயிர் எடை என்ன போனது என்று இரண்டு வியாபாரிகளிடம் எழுத்தில் வாங்குங்கள். சினை ஆட்டைத் தனியாகக் கணக்குப் போடுங்கள். கோபத்தில் நாய்க்கு மட்டும் விஷம் வைத்துவிடாதீர்கள். பிஎன்எஸ் 325இல் ஐந்து வருடம் வரை உள்ளே போக வேண்டியவர் நீங்கள்தான்.